ரயனின் சத்தம்

“எனக்குக் காது அடைச்சுப் போச்சு லா. தேத்தண்ணி வாங்கிட்டு வரேன், அதுக்குள்ள நீ கொஞ்சம் சவுண்டப் பாத்து வெய்யி” என்று தன் கிட்டார் ஒலிபெருக்கியான ஆம்ப்பைக் காட்டிவிட்டு ரயன் படியிறங்கினான்.

பிரிக்பீல்ட்ஸில் சேலைக் கடைக்கு மேலே இருந்த அந்தப் பதிவறையில் குகன் மட்டும் இருந்தான். கண்ணாடிக்கு அப்பால் வனேசா முதுகைக் காட்டிப் போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

பாடுவதும் பதிவு செய்வதும் அவள்தான். பாட்டில் ஒரு ரிதம் கிட்டாருக்குத்தான் இடம், இரண்டு பேரும் வாசியுங்கள், நல்லதை வைத்துக்கொள்கிறேன் என்று காலையிலேயே சொல்லிவிட்டாள். குகன் வாசித்து முடித்தாயிற்று. தொண்ணூறுகளின் கடைசி ராக் பாட்டுகளில் வரும் அந்த மொறுமொறுப்பு அவனுக்கு வரவில்லை. தேனீக்கூட்டம் மாதிரி இரைந்தது. ரயனுக்கும் வந்துவிடக் கூடாது.

கெய்ன் குமிழ் ஏற ஏறத்தான் கிட்டார் கரகரக்கும் என்பது பதினைந்து வருடமாக அவன் கண்ட பாடம். ரயனின் ஆம்ப்பில் ஒன்பதில் இருந்த கெய்னை நாலுக்கு இறக்கினான். நடு ஒலிக்கான, எல்லாரும் குறைத்து வைக்கும் மிட் குமிழை எட்டுக்கு ஏற்றினான். இனி பழைய ரேடியோ மாதிரிதான் கேட்கும்.

ரயன் பையில் கட்டிய தேநீரோடு வந்தபோது கீழே ஹாரன் அலறியது. இன்னொரு காரை மறித்துத்தான் குகன் தன் காரை நிறுத்தியிருந்தான். அதை எடுத்து, வேறு இடம் தேடி மூன்று சுற்றுச் சுற்றி அவன் திரும்புவதற்குள் ரயன் வாசித்து முடித்திருந்தான்.

வனேசா ஹெட்போனை நீட்டினாள். முறுக்கை உடைப்பதுபோல் ஒவ்வொரு வீச்சும் தனித்தனியாக நொறுங்கியது. எல்லாக் குமிழையும் ரயன் மறுபடி திருப்பியிருக்கிறான். படுபாவிக்கு அந்தக் காது இருக்கிறது, தனக்கு இல்லை.

ரயன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். கார் சாவியை எடுத்துக்கொண்டு குகன் இறங்கிவிட்டான்.

இரண்டு நாள் ரயன் போனில் அழைத்துக்கொண்டே இருந்தான். குகன் எடுக்கவில்லை. மூன்றாம் நாள் மழையில், கிள்ளானுக்குப் போகும் வழியில் ரயனின் பைக் சறுக்கியது.

சவப்பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது யாரோ அந்தப் பாட்டைப் போனில் போட்டார்கள். இந்தச் சத்தம் இனி யாருக்கும் வராது என்று ஒருவர் சொல்ல, செத்துக் கிடந்தவன்மேல் குகனுக்கு வயிறு எரிந்தது. அழுதுகொண்டேதான் எரிந்தது. அடுத்த வாரமெல்லாம் வீட்டில் அந்தச் சத்தத்தைத் தேடினான். கெய்னைப் பத்துவரை ஏற்றியும் கிடைக்கவில்லை.

முப்பதாம் நாள் நினைவுப் பூசை முடிந்ததும் ரயனின் அக்கா டொரத்தி அவனை ரயனின் அறைக்கு அழைத்துப் போனாள். இனி அவன் இடத்தில் வாசிக்கப்போவது நீதானே, ஆம்ப்பை எடுத்துக்கொண்டு போ என்றாள்.

குகன் ஆம்ப்பை மூடியிருந்த துணியை விலக்கினான். குமிழ்கள் நகராதபடி குறுக்கே வெள்ளை டேப் ஒட்டியிருந்தது. கெய்ன் நாலு. மிட் எட்டு.

“இத யாரு ஒட்டினது அக்கா?” என்று கேட்டான்.

“அவன்தான் தம்பி. ‘பாட்டுல வந்த சத்தம் இதுதான், குகன் எனக்காக வெச்சுக் குடுத்தது, யாரும் தொடாதீங்க’ன்னு சொன்னான்.”