பக்கத்துக்கு இரண்டு

சுவர் இருந்த இடத்தில் நீலத் தார்ப்பாய் தொங்குகிறது. காற்றில் அது உப்பி அடங்கும்போதெல்லாம் சாப்பாட்டு மேசைமேல் நீல வெளிச்சம் அசைகிறது. தையல்காரர் பல்குச்சி நுனியில் பசை தொட்டு, ஒரு சாண் நீளப் பிளாஸ்டிக் போர் விமானத்தின் இறக்கைக்கு அடியில் கடைசிக் குண்டை ஒட்டுகிறார். பக்கத்துக்கு இரண்டு, பெட்டியில் வந்த தாளில் இருக்கிறபடியே. எட்டு வயது நிரம்பியவர்களுக்கு மட்டும் என்று பெட்டியில் அச்சிட்டிருக்கிறது. அந்தச் சுவரோடு போன மகளுக்கு ஏழு. அன்று அவர் கடையில் இருந்தார். குண்டு போட்ட விமானத்தைக் கண்ணால் பார்த்தவள் மனைவிதான்.

"அடிவயிறு இந்தச் சாம்பல் நிறம்தானா? இந்த வெளிச்சத்துல ஒண்ணும் பிடிபடல."

வெங்காயம் உரிக்கும் மனைவி எழுந்து வந்து வாங்குகிறாள். தார்ப்பாயை விலக்கி, வெயிலில், தலைக்கு மேலே விமானத்தைத் தூக்கிப் பிடித்து அண்ணாந்து பார்க்கிறாள்.

"இன்னும் வெளுப்பா இருந்துச்சுங்க."

"சரி, வெள்ளை கலந்துக்கறேன். மத்ததெல்லாம் சரியா இருக்கா?"

அவள் இடது இறக்கையின் கீழே ஒரு குண்டை நகத்தால் நெம்புகிறாள். பசை காயவில்லை, சத்தமில்லாமல் கழன்று வருகிறது.

"ஐயோ, என்ன பண்றே? நாலு இருக்கணும்."

"வரும்போது நாலு இருந்துச்சு. போகும்போது மூணுதான்."

அவர் விமானத்தை வாங்கி, பசை படிந்த இடத்தை உப்புத்தாளால் மெல்லத் தேய்க்கிறார். அவள் திரும்பிப் போய் உட்கார்ந்து, ஒரு கையை மூடியபடியே வைத்துக்கொண்டு, மறு கையால் மட்டும் வெங்காயம் உரிக்கிறாள்.