ஐயா கை வைத்த சோறு

மனிதகுலத்தின் அச்சத்துக்கு எதிரான மாபெரும் போர், திருகோணமலைத் துறைமுக வீதியில், மரியமலரின் சோற்றுக்கடை வாசலில் தொடங்கும் என்று சுகாதாரப் பரிசோதகர் ஞானசேகரம் அறிவித்திருந்தார்.

ஒலிபெருக்கிக்குப் படைமுகாமில் அனுமதி தரவில்லை. நாட்டில் ஏற்கெனவே ஒரு போர் நடந்துகொண்டிருந்தது. ஆகவே ஐயா தொண்டை கிழியக் கத்தினார்.

"எயிட்ஸ் தொட்டாப் பரவாது! ஒண்டா இருந்து சாப்பிட்டாப் பரவாது! இண்டைக்கு உங்கட கண்ணுக்கு முன்னால இந்தப் பிள்ளையின்ர கையால வாங்கிச் சாப்பிடப் போறன்!"

இந்தப் பிள்ளைக்கு முப்பத்தெட்டு வயது. கப்பலில் வேலை பார்த்த புருஷன் சாகும்போது அவளுக்கு விட்டுப்போனது அந்தக் கிருமி ஒன்றைத்தான். செய்தி கசிந்து மூன்று வாரம். கடைப்பக்கம் ஒரு காக்கை வரவில்லை. இன்றும் சோறு மிஞ்சினால் கடையை மூடிவிடுவது என்று மரியமலர் தீர்மானித்திருந்தாள்.

தொழுகை முடித்துத் தொப்பியோடு வந்து நின்ற கிண்ணியா லொறிக்காரர் ஸைனுலாப்தீன், "ஐயா, பேச்சு காணும். சோறு ஆறப்போகுது" என்றார்.

வீதி சிரித்தது. அந்தச் சிரிப்பில் பதறிப்போன மரியமலரின் கத்தி, வெங்காயத்தை விட்டு விரலில் இறங்கியது.

சிரிப்பு நின்றது.

அவள் வெங்காயத்தை எறிந்தாள். கத்தியையும் பலகையையும் ஒதுக்கினாள். சவர்க்காரம் போட்டுக் கை கழுவினாள். ஐயா பையிலிருந்து பிளாஸ்டர் எடுத்துக் கொடுத்தார், சுற்றிக்கொண்டாள்.

"ஆருக்கு விரல் வெட்டுப்பட்டாலும் செய்யிறதுதான் இது" என்றார் ஐயா. "அவவின்ர ரத்தம் உங்கட காயத்துக்குள்ள போனாத்தான் யோசிக்கவேணும். நீங்கள் றோட்டுக்கு அங்கால எல்லோ நிக்கிறியள்!"

சாப்பாட்டுக் கோப்பையில் சோறு போட்டு அவர் முன்னால் வைத்தாள். காலையிலேயே சமைத்து மூடிவைத்த சட்டியைத் திறந்து பாரைமீன் குழம்பை ஊற்றினாள்.

ஐயாவின் கை அந்தரத்தில் நின்றது.

பேச்செல்லாம் பேச்சுத்தான் என்று மரியமலருக்கு விளங்கிவிட்டது. ஆனாலும் மனுசன் இவ்வளவு தூரம் வந்தாரே. தண்ணீர் வைப்பவளைப்போலக் குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்:

"ஏலாதெண்டா விடுங்கோ ஐயா. கோவிக்கமாட்டன்."

ஐயா அவளுடைய பிளாஸ்டர் விரலைப் பார்த்தார். வீதியைப் பார்த்தார். கண்ணை மூடி என்னவோ முணுமுணுத்தார். பிறகு சோற்றைப் பிசைந்து வாயில் வைத்தார்.

மரியமலர் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். புகையே இல்லாத அடுப்பு. கண்ணைத் துடைத்தாள்.

"எனக்கும் போடுங்க தங்கச்சி" என்று ஸைனுலாப்தீன் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அடுத்து படகுக்காரர் பேணாட். இரண்டரை மணிக்குச் சட்டியை வழித்தாகிவிட்டது.

கை கழுவப் போன ஐயா, அன்று முதல்தடவையாகக் குரலைத் தாழ்த்தினார்.

"பிள்ளை, எங்கட மனுசி கேட்டா, பருப்பு எண்டு சொல்லுங்கோ."

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் போனபிறகுதான் சுவரிலிருந்த மாதா கலண்டரைப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை.

அவளுக்கு நினைவில்லாமல் இல்லை. வெள்ளி என்றுதானே இறைச்சி வைக்காமல், தேடிப்போய் நல்ல பாரை வாங்கினாள். பதற்றத்தில், மீனுக்குத் தடையில்லாத வேதக்காரக் கிறிஸ்தவரின் வெள்ளியை, மீனும் ஆகாத சைவக்காரருக்குச் சமைத்துவிட்டாள். வீதி முழுக்க அவளுடைய விரலையே பார்த்துக்கொண்டிருந்தது. கோப்பைக்குள் என்ன இருந்தது என்று ஒருவரும் கவனிக்கவில்லை.

ஐயாவின் வெள்ளிக்கிழமை விரதம் ஊரறிந்தது. இருபத்தொரு வருடம் மீன் வாசனைக்குக்கூட மூக்கைப் பொத்தியவர்.

அன்று குழம்பை இரண்டாம் தரமும் கேட்டு வாங்கினார்.