ராமப்ரசாத் சாரின் டியூஷன்

"பிள்ளைங்களைக் கெடுக்கிறதே கார்ட்டூன்தான்!" என்று முழங்கினார் ராமப்ரசாத். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், உத்திரமேரூரில் எந்த மேடை கிடைத்தாலும் இதைத்தான் பேசுவார். இன்று கேட்க இருந்தது பக்கத்து வீட்டு வகிதா மட்டும்.

"கண் சிமிட்டறதுக்குள்ள பத்துப் படம் மாறுது. பிஞ்சு மூளை எதுலம்மா நிலைக்கும்? அதைப் போட்டுக் காட்டறவனை உதைக்கணும்!"

"எங்க வூட்ல டிவியே இல்லியே சார். ஆனாலும் எம்பொண்ணு ஷப்ரீன் ஒரு எடத்துல குந்த மாட்டேங்குது. சோறு ஊட்றதுக்குள்ள பேஜாராப் பூடுது. குந்தாத புள்ளைக்கு இன்னாத்துக்கு டியூஷன், நிறுத்திடுன்றாரு அவங்க அத்தா."

சாரின் முகம் வெளுத்தது. மனைவி ஜலஜா இறந்த பிறகு அவர் வீட்டுப் படியேறுவது அந்த ஐந்து வயதுக் குழந்தை மட்டும்தான்.

"நிறுத்திடாதம்மா!"

"நிறுத்துவனா சார்? உங்ககிட்டதான் ஒரு மணி நேரம் ஆடாம அசையாம குந்திக்கினு கீது. இன்னா மந்திரம் சார் அது?"

"அனுபவம்மா" என்றார், மீசையைத் தடவியபடி.

சாயங்காலம் ஷப்ரீன் வந்ததும் பையை மூலையில் எறிந்தாள். டிவிக்கு எதிரே சப்பணமிட்டு உட்கார்ந்தாள்.

"தாத்தா, சீக்கிரம் கார்ட்டூன் போடு!"

ராமப்ரசாத் ஜன்னலைச் சாத்திவிட்டு, சத்தத்தைக் குறைத்து, போட்டார்.

"மத்தியானம் என்ன சாப்பிட்டே கண்ணு?"

அவள் திரும்பவில்லை. அவர் இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்துகொண்டார்.