நான்கு போல்ட்டுகள்

அந்த விமானிப் பயிற்சிப் பள்ளியில் இருந்ததே ஒரு விமானம்தான். அதன் இறக்கையைப் பிடித்திருக்கும் நான்கு போல்ட்டுகளும் தேய்ந்துவிட்டன. விமானத்துக்கென்று சான்றிதழோடு வருவதை வாங்கினால் ஒரு கார் விலை. முதலாளி கடைவீதியிலிருந்து நான்கை வாங்கி வந்து நீட்டினார்.

“பாருங்க சார், அச்சு அசல் அதேதான்.”

பொறியாளர் தேவசகாயத்துக்கு எவ்வளவு உற்றுப் பார்த்தும் வித்தியாசம் தெரியவில்லை. ஆனாலும் அவற்றை மாட்டி, விமானம் பறக்கலாம் என்று கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். பறக்க விமானம் இல்லாமல் அடுத்த மாதமே பள்ளியை மூடினார்கள்.

அங்கே பயின்ற லாரி ஓட்டுநரின் மகள் மகிழினிக்கு, விமானி உரிமம் பெற இன்னும் எட்டு மணி நேரம் பறந்தால் போதும் என்றிருந்தது. விடைபெற வந்தவள் கேட்டாள்.

“அதை மாட்டியிருந்தா ப்ளேன் விழுந்திருக்குமா சார்?”

ஆமாம் என்றால் அவள் மனம் கொஞ்சம் ஆறும். அது தேவசகாயத்துக்கும் தெரியும்.

“தெரியலம்மா” என்றார்.