தையல் மட்டும் பேசவும்

“ஒரு நம்பரை அழுத்த விரல் வலிக்குதா உனக்கு? சாயந்திரம் உன் தங்கச்சி பிளேன் ஏறிடுவா. அப்புறம் வானத்தைப் பாத்துத்தான் பேசணும்” என்றார் கணவர்.

தையல்காரி மெஷினை விட்டு நிமிரவில்லை. “அவளுக்கு என் நம்பர் மனப்பாடம். அவ பண்ணட்டும். நான் பெரியவ.”

“பெரியவதான், யார் இல்லேன்னது? பிடிவாதத்துல மட்டும் அவ உனக்கு அக்கா.”

அம்மா போனபோது தங்கை சின்னப் பெண். தலை வாரி, சோறு ஊட்டி, துணி வெட்டக் கற்றுக்கொடுத்து ஆளாக்கியது இவள்தான். அப்படிப்பட்டவர்களைப் பிரித்தது ஒரு தேர்தல். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு தலைவரைப் பற்றி வந்த செய்தியை இவள் அனுப்பினாள். தங்கை “பொய்” என்று ஒரே சொல்லில் பதில் போட்டாள். மாமா, சித்தி, பெரியப்பா பிள்ளைகள் என்று அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, விளக்கு வைப்பதற்குள் இவள் எழுதிவிட்டாள்: “உன்னை வளர்த்ததுக்கு ஒரு நாயை வளர்த்திருந்தா வாலாவது ஆட்டியிருக்கும்.”

தங்கை குரூப்பை விட்டுப் போனாள். அதற்குப் பிறகு வீட்டுக்கும் வரவில்லை. இப்போது வெளிநாட்டில் ஏதோ ஆடைத் தொழிற்சாலையில் வேலை கிடைத்திருக்கிறது. போனால் எப்போது திரும்புவாளோ, தெரியாது.

“ஓட்டு வாங்கினவன் ஜெயிச்சுட்டான். அவனை எதிர்த்து நின்னவனும் இப்ப அவன்கூடவே கார்ல போறான். நீங்க ரெண்டு பேருந்தான் டெபாசிட் போய் நிக்கிறீங்க.”

“வாயை மூடிக்கிட்டு டீயைக் குடிங்க.”

“வாயை மூடிக்கிட்டு எப்படிடி குடிக்கிறது?”

போன் சிணுங்கியது. அவள் பாய்ந்து எடுத்த வேகத்தில் கத்தரிக்கோல் கீழே விழுந்தது.

“அவளா?”

“இல்ல. தையல் குரூப்பு.”

குடும்ப குரூப்பைத் திறக்கவே பிடிக்காமல் போன பிறகு வேறொரு ஆப்பில் அவள் சேர்ந்த இடம் அது. அங்கே யாருக்கும் பேர் கிடையாது, நம்பர் தெரியாது. ஆளுக்கொரு பூப்படம். நுழையும்போதே விதி எழுதியிருக்கும்: கட்சி, சாமி, சாதி, சொந்தக் கதை கூடாது, தையல் மட்டும் பேசவும். அதனாலேயே அங்கே சண்டை இல்லை. அதிலும் செம்பருத்திப் படம் வைத்திருந்தவளை இவளுக்கு ரொம்பப் பிடிக்கும். காலையில் காலர் சந்தேகம், மத்தியானம் ஜிப் சந்தேகம். கண்ணாடி போட்ட, குண்டான, வயதான ஒரு அம்மாவாக மனசுக்குள் உருவம் செய்து வைத்திருந்தாள்.

“என்னவாம் உன் செம்பருத்திக்கு?”

அவள் படித்தாள். “‘ஒரு சட்டை தைச்சேன். ஆளைக் கூப்பிட்டு அளவு எடுக்க முடியல, ஞாபகத்துல இருந்த அளவுதான். கொண்டுபோய்க் குடுக்கலாமா, வேணாமா? பயமா இருக்கு’ங்கறாங்க.”

“யாருக்காம்?”

“அதெல்லாம் கேக்கக் கூடாது. சொந்தக் கதையில சேரும். யாராவது பெரிய இடத்து வாடிக்கையா இருக்கும்.”

“குடுக்கச் சொல்லு. போட்டுப் பாத்தாத்தானே தெரியும்?”

“உங்களுக்கென்ன தெரியும்? அந்த டாக்டரம்மா கடைக்கு வந்து, நாலு பேர் பாக்க என் மூஞ்சியில துணியை விட்டெறிஞ்சாளே, நீங்களா வாங்கிக்கிட்டீங்க? பாவம், இந்தம்மாவுக்கும் அந்தக் கதி வேணாம்.”

விறுவிறுவென்று தட்டினாள்: “அளவு எடுக்காம தைச்சதை வாசல் வரைக்கும் கொண்டுபோகாதீங்க. மூஞ்சியில வீசுவாங்க. அவமானந்தான் மிஞ்சும். பிரிச்சுடுங்க, துணியாவது மிஞ்சட்டும்.”

கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வந்தது. “சரிங்க. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

“ஊர்ல இருக்கிறவளுக்கெல்லாம் உடனே பதில் போடுது இந்தக் கை” என்றார் கணவர்.

அவள் மெஷின் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தினாள். கண் கலங்கியிருந்தது. “அவ ஒரு எட்டு வந்தாப் போதுங்க. நான் என்ன, கதவையா சாத்தப் போறேன்? அவ வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி நானே மன்னிப்புக் கேட்டுடுவேன்.”

“இதை அவகிட்டச் சொல்லேன்டி!”

“வரட்டும். சொல்றேன்.”

வெயில் இறங்கியது. யாரும் வரவில்லை. பொறுக்கமாட்டாமல் அவளே அழுத்தினாள். தங்கையின் போன் அணைக்கப்பட்டிருந்தது.

கதவு தட்டும் சத்தம் கேட்டு ஓடினாள். தங்கையின் கணவர் தனியாக நின்றிருந்தார்.

“ஏர்போர்ட்டுக்குள்ள போயிட்டாக்கா. வழியனுப்பிட்டு நேரா இங்கதான் வர்றேன்” என்றார். கையிலிருந்த பையை மேசையில் வைத்தார். “மத்தியானம் உங்க தெருமுனை வரைக்கும் வந்தோம். இறங்கமாட்டேன்னுட்டா.”

பைக்குள் நீலத் துணித் துண்டுகள். ஓரமெல்லாம் அறுந்த நூல் பிசிறு. தையல்காரி அவற்றை ஒவ்வொன்றாக மேசையில் பரப்பினாள். கை, கழுத்து, முன்பக்கம், முதுகு. வலது தோளை மட்டும் இம்மியளவு இறக்கி வெட்டியிருந்தது. மெஷினில் குனிந்து குனிந்து தாழ்ந்துபோன தன் வலது தோளை அவள் மெதுவாகத் தொட்டுப் பார்த்தாள்.

“உங்களுக்குன்னு தைச்சதுக்கா. ஆட்டோவுலயே உக்காந்து அழுதுகிட்டே பிரிச்சுட்டா, நான் எவ்வளவோ தடுத்தேன்” என்றார் அவர். “போன்ல ஏதோ தையல் குரூப்பாம், அதுல முகம் தெரியாத ஒரு அம்மாவைத்தான் உங்க இடத்துல வெச்சிருந்தா. அவங்க சொல்லிட்டாங்களாம், ‘வாசல் வரைக்கும் கொண்டுபோகாதீங்க, பிரிச்சுடுங்க’ன்னு.”