பின்பாரம்

"நீங்க போட்டது ஸ்பிரிங் பட்டையா, அப்பளமா? பத்தே நாள்ல பின்பக்கம் உக்காந்துடுச்சு."

வண்டியை விட்டு இறங்கும்போதே ரெஜிஸ் ஆரம்பித்துவிட்டார். பழைய மினி பஸ் ஒன்றை வாங்கி, உள்ளே ஒரு வீட்டையே கட்டி, டூரிஸ்ட்டுகளுக்கு வாடகைக்கு விடுகிறவர். ஸ்ரீரங்கம், முக்கொம்பு, தஞ்சாவூர் என்று அது சுற்றும். இப்போது ஜீயபுரம் ரோட்டோரத்து ஸ்பிரிங் பட்டறை வாசலில், பின்னங்கால் மடங்கிய மாடு போல வலப்பக்கம் சாய்ந்து நின்றது.

பட்டறைக்காரர் தைரியராஜ் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைக்கவில்லை.

"பக்கத்துக்கு ரெண்டு புதுப் பட்டை சேர்த்திருக்கேன் சார். வண்டி தாங்குற பாரத்தைப் பார்த்துப் போட்டது. சும்மா உக்காராது."

"உக்காந்திருக்கே, கண்ணு தெரியலையா? வளைவுல திரும்பினா டயர் பாடியில உரசுது. நாளைக்குக் காலையில ஆறு பேர் இதுல ஏறணும். உங்க வேலையில தப்பு, நீங்கதான் சரி பண்ணித் தரணும். இல்லேன்னா வேன் சங்கத்து குரூப்புல உங்க போர்டை போட்டோ எடுத்துப் போட்டுருவேன்."

அந்த போர்டு மாட்டி எட்டு மாதம்தான் ஆகிறது. அதற்கு முன் இருபத்திரண்டு வருடம் அடுத்தவன் பட்டறையில் சம்மட்டி அடித்த உடம்பு. போர்டில் இருக்கிற பெயர் கெட்டால் மறுபடி அங்கேதான் போய் நிற்க வேண்டும்.

சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு வண்டிக்கடியில் படுத்தார். பழைய பட்டறையிலிருந்தே கூட வேலை பார்க்கும் ரசூல் டார்ச் அடித்துக்கொண்டு பக்கத்தில் நுழைந்தார்.

"ஒரு பட்டைகூட உடையலப்பா. போல்ட்டும் இறுக்கமா இருக்கு," என்றார் ரசூல். "நம்ம வேலையில குத்தம் இல்ல. எங்கேயோ பாரம் ஏறியிருக்கு."

"என்ன பாரம்? மெத்தை, அடுப்பு, நாலு பாத்திரம். உள்ள யானையா கட்டியிருக்கேன்?" வெளியிலிருந்து ரெஜிஸ் கத்தினார்.

தைரியராஜ் எழுந்து வந்தார். "வாங்க, எடை போட்டுருவோம். தப்பு என் மேலன்னா போர்டை நானே கழட்டித் தரேன்."

எடைமேடை அரை கிலோமீட்டர் தூரம். வேலை முடிந்த எந்த வண்டியையும் அங்கே கொண்டுபோய், பின்சக்கரங்களை மட்டும் ஏற்றி எடை பார்த்து, சீட்டை வைத்துக்கொள்வது தைரியராஜின் வழக்கம். பத்து நாளைக்கு முந்தைய சீட்டையும் இன்றைய சீட்டையும் சேர்த்து ரெஜிஸின் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"முந்நூத்திப் பத்து கிலோ கூட இருக்கு. உங்க மெத்தையைக் கருங்கல்லுலயா செஞ்சாங்க?"

ரெஜிஸ் சீட்டை வாங்கிப் பார்க்கவில்லை. "அதை ஏன் என்கிட்ட கேக்குறீங்க? எங்க இருக்குன்னு நீங்களே தேடுங்க."

பட்டறைக்குத் திரும்பியதும் தைரியராஜ் மறுபடி கீழே படுத்து, வண்டியின் அடிவயிற்றை ஸ்பேனரால் தட்டிக்கொண்டே போனார். எல்லா இடத்திலும் கணீரென்றது. வலது பின்டயரை ஒட்டி ஒரு இரும்பு டேங்க். அங்கே மட்டும் சத்தம் செத்துப்போய் வந்தது. மூடி ஓரத்திலிருந்து நாற்றம் குப்பென்று ஏறியது.

வெளியே வந்ததும் ஸ்பேனரைத் தரையில் எறிந்தார்.

"கக்கூஸ் டேங்க் சார். கழுத்து வரைக்கும் நெறஞ்சு நிக்குது. இதைக் கட்டிக்கிட்டு சுத்திட்டு என் பட்டையை அப்பளம்ன்றீங்க. போயி கழிவுநீர் லாரியைக் கூப்பிடுங்க. காலி பண்ணா வண்டி தானா எந்திரிக்கும்."

"லாரி நேத்தே வந்துட்டுப் போயிடுச்சு," என்றார் ரெஜிஸ். "அடி வால்வு அடைச்சிருக்காம். யாராவது கீழ படுத்துக் கையை விட்டு எடுத்தாத்தான் உண்டாம். அந்த ஆளுங்க முடியாதுன்னுட்டாங்க."

ரசூல் டார்ச்சை அணைத்துவிட்டு ரெஜிஸையே பார்த்தார்.

"அப்ப எல்லாம் தெரிஞ்சேதான் வந்து கத்துனீங்களா?" தைரியராஜ் ஒரு எட்டு முன்னால் வந்தார். "டேங்க் அடைப்பு எடுக்க ஸ்பிரிங் பட்டறைக்கு ஏன் சார் வந்தீங்க?"

ரெஜிஸின் குரல் அப்போதுதான் முதல் தடவையாக இறங்கியது. அதில் கோபமே இல்லை.

"நேத்து சாயங்காலம் உன்னைப் பத்தி விசாரிச்சேம்ப்பா. உங்கப்பா கார்ப்பரேஷன்ல சாக்கடைக் குழியில இறங்குனவராமே, அதான் நேரா உன்கிட்டயே வந்துட்டேன்."