நிதானம் என் பலம்

“உன்னைப் பத்திச் சொல்லு” என்று கர்னல் கேட்டு வாயை மூடுவதற்குள், பின்கதவு உதைபட்டுத் திறந்தது.

மழையே இல்லாத நாளில் மழைக்கோட்டும் ஹெல்மெட்டுமாக ஒருவன் உள்ளே வந்தான். கர்னலின் கழுத்தைப் பிடித்து முகத்தை மேசையில் மோதினான்.

எதிரே நேர்காணலுக்கு உட்கார்ந்திருந்த மாப்பிள்ளைக்குப் பயம் வரவில்லை. நிம்மதிதான் வந்தது. மச்சான் சொன்னது சொன்னபடி நடக்கிறது.

மச்சான், அதாவது அவன் மனைவியின் அண்ணன், இந்தக் காவல் நிறுவனத்தில் சூப்பர்வைசர். இங்கே ஒரு சூப்பர்வைசர் இடம் காலி என்று துப்புக் கொடுத்தவரே அவர்தான். ஒரு மாதமாக அண்ணனின் சீருடையில் வேர்வையே இல்லை, நாற்காலி வேலை கொடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று மனைவி துவைக்கும்போதெல்லாம் பெருமைப்பட்டுக்கொள்வாள்.

காலையில் மச்சான் இவனுக்கு டை கட்டிவிட்டுக்கொண்டே பாடமும் நடத்தினார்.

“நீங்க பேச ஆரம்பிச்சதும் ஒருத்தன் பூந்து அவரைப் போட்டு அடிப்பான் மாப்ள. எல்லாம் செட்டப்பு. நீங்க பதறுறீங்களான்னு பாக்குறதுக்கு. அவர் மூஞ்சிய விட்டுக் கண்ணை எடுக்காதீங்க. சிரிச்ச முகமா சொல்லிக்கிட்டே போங்க.”

“முன்னாடி இந்த வேலையில இருந்தவன் என்ன ஆனான் மச்சான்?”

“போன மாசம் கர்னல் எல்லா ஆளுங்களையும் வரிசையா நிக்க வெச்சு, அவங்க முன்னாடி பூட்ஸைக் கழட்டி அடிச்சுத் துரத்திட்டாரு.”

சொல்லும்போது முடிச்சு கொஞ்சம் அதிகமாகவே இறுகியது.

நிறுவனத்தின் முதலாளியான கர்னல், பட்டாளத்தைச் சினிமாவில்தான் பார்த்திருக்கிறார். மீசை மட்டும் நாலு போர்முனைக்குப் போய் வந்தது போல இருக்கும். அவர் தலைக்குப் பின்னால், “முதல் அரை நிமிடத்தில் ஒரு மனிதனை எடை போட்டுவிடுவேன்” என்ற பொன்மொழி கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. சொன்னவர் பெயர் கீழே இருந்தது. அவருடைய பெயர்தான்.

ஹெல்மெட்காரன் பொன்மொழியைச் சுவரிலிருந்து கழற்றி, சொன்னவர் தலையிலேயே உடைத்தான்.

மாப்பிள்ளை சிரித்த முகத்தோடு வணக்கம் சொன்னான். சிமெண்டுக் கிடங்கில் ஆறு வருடம் காவலுக்கு இருந்ததையும், ஒரு மூட்டைகூடக் குறைந்ததில்லை என்பதையும் எடுத்துரைத்தான்.

கர்னலின் இடது கண் வீங்கி மூடிவிட்டது. மீதியிருந்த கண்ணைப் பார்த்துத் தொடர்ந்தான்.

“புடிடா அவனை! டேய், கொல்றான்டா!”

என்ன நடிப்பு! மாப்பிள்ளைக்கு மெய்சிலிர்த்தது.

முன்கதவுக்கு வெளியே இரண்டு காவலர்கள் விறைப்பாகத்தான் நின்றார்கள். நேர்காணல் நடக்கும்போது உள்ளே என்ன சத்தம் கேட்டாலும் கதவைத் திறக்கக் கூடாது என்பது கர்னலின் உத்தரவு. வழக்கமாக உள்ளேயிருந்து அலறுவது வேலை கேட்டு வந்தவன்தான்.

ஹெல்மெட்காரன் குனிந்து தன் இடது பூட்ஸைக் கழற்றினான். அவசரமில்லாமல், நாடாவை முறையாக அவிழ்த்துவிட்டுக் கழற்றினான்.

முதல் அடிக்கு மீசை சிவந்தது. மூன்றாவது அடிக்கு ஒரு பல் பறந்து வந்து மாப்பிள்ளையின் சான்றிதழ்கள் மேல் விழுந்தது. வேரோடு இருந்தது. வேரில் கொஞ்சம் சதையும் இருந்தது.

அப்போதுதான் முதல்முறையாக அவன் நாக்குத் தடுமாறியது.

செட்டப்புக்கு யாராவது சொந்தப் பல்லைக் கொடுப்பானா?

எழுந்துவிடலாம். கிடங்கில் திருடன் ஒருவனை ஒற்றைக் கையால் தூக்கி லாரிக்குள் எறிந்தவன் அவன். இந்த மழைக்கோட்டு எம்மாத்திரம்?

ஆனால் எழுந்து, இது செட்டப்பாகவே இருந்துவிட்டால்? கிடங்கை மூடியதிலிருந்து அவன் வீட்டோடு மாப்பிள்ளை. மாமியார் அவன் முன்னால் தட்டு வைக்கிற சத்தம் மாசத்துக்கு மாசம் ஏறிக்கொண்டே வருகிறது. போன வாரம் தட்டே நெளிந்துவிட்டது.

பெரிய நிறுவனம். பல்லும் கொடுப்பார்கள்.

பல்லைச் சுண்டு விரலால் ஓரமாகத் தள்ளிவிட்டு, என் பலம் நிதானம் என்றான். பலவீனம், வீட்டில் மூத்தவர்கள் சொன்னால் மறுபேச்சுப் பேசாதது என்றான். இரண்டும் மச்சான் எழுதிக் கொடுத்த வாக்கியங்கள்தான்.

கர்னல் நாற்காலியிலிருந்து சரிந்து மேசைக்கு அடியில் போனார். பூட்ஸும் பின்னாலேயே போனது. கண்ணைப் பார்த்துப் பேசக் கண் இல்லாததால், மாப்பிள்ளை காலி நாற்காலியைப் பார்த்துப் பேசினான். நாற்காலி கர்னலைவிடக் கவனமாகக் கேட்டது.

வாய்ப்புக் கொடுத்ததற்கு நன்றி என்று அவன் முடிக்கும்போது, கீழேயிருந்து வந்துகொண்டிருந்த முனகலும் நின்றுவிட்டது.

ஹெல்மெட்காரன் பூட்ஸைப் போட்டு நாடாவைக் கட்டினான். மேசையைச் சுற்றிக்கொண்டு வந்தான்.

மாப்பிள்ளை திரும்பவில்லை. இதுவும் பரீட்சையில் சேர்த்தியாக இருக்கலாம். உதட்டில் சிரிப்பு அப்படியே காய்ந்துபோயிருந்தது.

ஈரமான ஒரு கை அவன் கழுத்துக்கு வந்தது. மழைக்கோட்டின் கைக்குள்ளிருந்து, வேர்வை படாத துணியின் சோப்பு வாசனை வந்தது. அவன் மனைவி வாங்குகிற சோப்பு.

கை, தளர்ந்திருந்த டையைப் பக்குவமாக நேராக்கி மேலே தள்ளியது.

முடிச்சு கொஞ்சம் அதிகமாகவே இறுகியது.